ஆட்டம் நிற்காமல் இருக்க: எல்லையோரத்து டி அண்ட் டி குழுவுக்கு ஒரு வழிகாட்டி

ஆளுக்கொரு கேரக்டராகக் கூடிக் கதை ஆடும் ரோல்பிளேயிங் குழு ஒன்று தொடங்குவது எளிது. ஆறு மாதம் கழித்தும் அதே கதை, அதே ஆட்களோடு நடந்துகொண்டிருப்பதுதான் பாடு. நான் பார்த்த வரையில் கதைகள் நின்றுபோனதெல்லாம் “இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பாப்போம்” என்ற வாட்சப் செய்தியில்தான். அடுத்த வாரம் இன்னொருவருக்கு முடியாது. அதற்கடுத்த வாரம் கேட்கவே ஆள் இருக்காது.

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று தமிழ்நாடு-கேரள எல்லை மலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் சிதறிக் கிடக்கும் எங்கள் பகுதியில் இது இன்னும் சிக்கல். ஜூனில் சீசன் தொடங்கினால் சாரல், காற்று, கரண்ட் கட். கார்த்திகை பிறந்துவிட்டால் கணவாய்ச் சாலை முழுக்க சபரிமலை வண்டிகள். ஒருவருக்கு ஓணம் லீவு, இன்னொருவருக்குப் பொங்கல் லீவு. இதற்கு நடுவிலும் ஆட்டத்தை விடாமல் நடத்த முடியும். அதற்கு வேண்டிய ஏற்பாடுகளில் முக்கால்வாசி, பகடையைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

இதுவரை ஆடியே பார்க்காதவர்களுக்கு: 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது டி அண்ட் டிதான் இந்த வகை ஆட்டங்களில் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். நினைத்த காரியம் நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையான டி20-ஐ உருட்டி, கேரக்டரின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டிப் பார்ப்போம். தேவைப்பட்ட எண்ணை எட்டினால் நடக்கும். இவ்வளவுதான் அடிப்படை. புத்தகத்தின் விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற பெயரில் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுமார் 400 பக்கம். முழுவதையும் பிரின்ட் எடுக்காதீர்கள். சண்டை விதிகள், முதல் நிலை மந்திரங்கள், உங்கள் கதைக்கு வேண்டிய நாலைந்து பிராணிகள் இருக்கும் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் போட்டால் முதல் சில மாதங்களுக்குப் போதும்.

முதல் படி: எத்தனை பேர் வந்தால் ஆட்டம் உண்டு?

ஐந்து பேரைச் சேருங்கள். டிஎம் தவிர மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “எல்லாரும் வந்தாத்தான்” என்று ஒருமுறை தள்ளிப்போட்டால், வந்திருக்கும் மூன்று பேருக்கும் தங்கள் நேரத்துக்கு மதிப்பில்லை என்று தோன்றும். அடுத்த முறை அவர்களும் யோசிப்பார்கள்.

நாளுக்கு ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று முடிவு செய்து அந்த வருடம் முழுமைக்கும் காலண்டரில் வட்டம் போடுங்கள். சனிக்கிழமை ஒரு பக்கம் லீவாக இருக்கும், இன்னொரு பக்கம் வேலை இருக்கும். ஞாயிறு இரண்டு மாநிலத்துக்கும் பொது. நேரம் குறிக்கும்போது சீக்கிரம் கிளம்ப வேண்டியவரை வைத்துக் குறியுங்கள். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டிய பெண்கள் குழுவில் இருந்தால் காலை பத்து முதல் ஒன்றரை வரை வையுங்கள். அவர்கள் பாதியில் எழுந்து போகும்படி ஒரு நேரத்தை வைத்துவிட்டு, பிறகு “வர மாட்டேங்காங்க” என்று குறை சொல்வது நியாயமில்லை.

வீட்டுப் பெரியவர்களிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பகடை உருளும் சத்தம் கேட்டால் “என்னல இது, சூதாட்டமா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். காசு வைத்து ஆடுவதில்லை, இது கூடி உட்கார்ந்து கதை சொல்லும் ஆட்டம் என்று சொல்லி, முதல் அரைமணி நேரம் அவர்களையும் கூட உட்காரச் சொல்லுங்கள். இடம் கொடுக்கும் வீட்டின் மனம் கோணாமல் இருந்தால் ஆட்டத்துக்குப் பாதி ஆயுள் கூடும்.

இரண்டாம் படி: வராதவரின் கேரக்டர் என்ன ஆகும்?

கதை தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதை செஷன் ஜீரோ என்பார்கள். என்ன மாதிரிக் கதை, எது வேண்டாம், யாருக்கு எது சங்கடம் என்பதையெல்லாம் அங்கே பேசுவார்கள். அதோடு இதையும் முடிவு செய்யுங்கள்: ஆள் வராத நாளில் அவருடைய கேரக்டர் பின்னணியில் இருக்கும். கூட நடக்கும், பேசாது, சண்டையில் கணக்கில் வராது, முக்கியமாக, சாகாது. வேறொருவர் அதை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மாதம் வளர்த்த கேரக்டர் தான் இல்லாதபோது இன்னொருவர் கையில் அடிபட்டுச் செத்தது என்று கேள்விப்பட்டவர் திரும்பி வருவது கஷ்டம். அதே காரணத்துக்காக, லெவல் ஏறும்போது வந்தவர், வராதவர் எல்லோருக்கும் சேர்த்தே ஏற்றுங்கள்.

மூன்றாம் படி: கிளம்பிய இடத்துக்கே திரும்பும் கதை

ஆள் மாறி மாறி வரும் குழுவுக்குத் தொடர்கதை போல நீளும் சாகசம் ஒத்துவராது. இந்தச் சிக்கலுக்கு பென் ராபின்ஸ் என்பவர் 2000-களின் தொடக்கத்தில் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்ற தன் கேம்பெயினில் (பல செஷன்களாக நடக்கும் ஆட்டம்) ஒரு வழி கண்டார். பாதுகாப்பான ஊர் ஒன்று, அதைச் சுற்றிலும் காடு. அன்றைக்கு வந்தவர்கள் ஊரிலிருந்து கிளம்பி, ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, செஷன் முடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். அடுத்த முறை வேறு நான்கு பேர் வந்தாலும் ஊரிலிருந்து கிளம்பலாம்.

நம் பக்கத்தில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதே இல்லை. கணவாயில் ஒரு சத்திரத்தையும் சுங்கச்சாவடியையும் வையுங்கள். மிளகுப் பொதியும் உப்பு வண்டியும் அந்த வழியாகத்தான் மலை ஏறி இறங்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று மதராஸ் மாநிலத்தோடு சேர்வதற்கு முன், எல்லை செங்கோட்டைக்குக் கிழக்கே பிரானூரில் இருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்டர் என்றுதான் சொல்கிறோம். இப்போதைய எல்லை புளியரைக்கு மேலே. சுங்கச்சாவடி இடம் மாறிப்போன ஒரு கணவாய், பழைய சாவடியில் இன்னும் வரி கேட்டு நிற்கும் ஏதோ ஒன்று என்று தொடங்கினாலே நாலைந்து செஷனுக்குக் கதை கிடைத்துவிடும்.

முடிக்கும் நேரத்தில் கண்டிப்பு வேண்டும். ஏழு மணிக்கு முடிய வேண்டுமானால் ஆறேகாலுக்கே டிஎம் கதையைச் சத்திரத்துப் பக்கம் திருப்ப ஆரம்பிக்க வேண்டும். நடுச்சண்டையில் நிறுத்த நேர்ந்தால் மேப்பைப் போனில் படம் எடுங்கள். யாருடைய முறை, யாருக்கு எவ்வளவு ஹெச்பி (கேரக்டரின் உயிர்ப் புள்ளி) மீதி, எந்த மந்திரம் செலவாகிவிட்டது என்பதை ஒரே தாளில் எழுதி அதையும் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

ஏழு பகடை கொண்ட செட் ஒன்று, முடிந்தால் இரண்டு. 2பி பென்சில் ஒன்று. ஜெல் பேனா வேண்டாம், சாரல் பட்டால் மை பரவிவிடும். கேரக்டர் ஷீட்டைத் தெளிவான பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் ஹெச்பி எழுதி அழித்துக்கொள்ளலாம். தாளும் கிழியாது, நமுத்தும் போகாது. எமர்ஜென்சி லைட், பவர் பேங்க், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை, கலர் பாட்டில் மூடிகள், சாக்பீஸ்.

பகடை செட் வந்து சேரவில்லை என்று ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டி20 தொலைந்துவிட்டால் ஒரு டி6-ஐயும் டி10-ஐயும் சேர்த்து உருட்டுங்கள். டி6-ல் 1 முதல் 3 வந்தால் டி10-ல் வந்த எண் அப்படியே; 4 முதல் 6 வந்தால் அதோடு 10 கூட்டுங்கள். டி4 இல்லையென்றால் டி8-ஐ உருட்டிப் பாதியாக்கி மேல்நோக்கி முழுமையாக்கலாம். எதுவுமே இல்லையென்றால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும், மறக்கக் கூடாது.

தாயம் ஆட உரசிய புளியங்கொட்டை நான்கை டி4-க்குப் பதிலாகப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. நான்கு கொட்டையில் இரண்டு வெள்ளை விழுவதற்குப் பதினாறில் ஆறு வாய்ப்பு. நான்கும் வெள்ளையாக விழ பதினாறில் ஒன்றுதான். டி4-ல் நான்கு எண்ணுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டு காசுகளைச் சுண்டுங்கள்: தலை-தலை 1, தலை-பூ 2, பூ-தலை 3, பூ-பூ 4. எந்தக் காசு முதல் என்பதை மட்டும் முன்பே சொல்லிக்கொள்ளுங்கள்.

மேப்புக்கு விலை கொடுத்துப் பாய் வாங்க வேண்டியதில்லை. பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் போல ஒரு மேப் கிடையாது. ஸ்கேலை வைத்து ஒரு அங்குலக் கட்டங்களாகச் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுவர் இரட்டைக் கோடு, ஆறு என்றால் நீலச் சாக்பீஸைப் படுக்கவைத்து ஒரு இழுப்பு. கேரக்டருக்கு பாட்டில் மூடி, கோப்ளின் என்ற குட்டி எதிரிக்குப் புளியங்கொட்டை. அடி விழுந்த கோப்ளினின் முதுகில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள், யார் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடு ஒழுகி மேப்பின் ஒரு மூலை நனைந்தால் அந்த மூலையை மட்டும் மறுபடி வரைந்தால் போதும். வரைபவர் தரையில் குனிந்திருக்கும்போது மற்றவர்களும் தானாகவே நெருங்கி உட்கார்வார்கள். மேசையைச் சுற்றி ஆடுவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். அது பெரும்பாலும் பகலில் இருக்கும். பார்த்து வைத்துக்கொண்டால் திடுக்கிட வேண்டியிருக்காது. காற்றில் மரம் சாய்ந்து போவதுதான் சொல்லாமல் வருவது.

எமர்ஜென்சி லைட்டை நடுவில் வைத்தால் எல்லோர் கண்ணிலும் அடிக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், அறை முழுக்க மெல்லிய வெளிச்சம் பரவும். அந்த வெளிச்சத்தில் கட்டமும் கோடும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எனவே மேப்பை விட்டுவிட்டு வாயால் சொல்லி ஆடுங்கள். தூரத்தை அடிக்கணக்கில் சொல்லாமல் “கைக்கெட்டும் தூரம்”, “ஒரு ஓட்டத்தில் போய்விடலாம்”, “அம்பு மட்டும்தான் போகும்” என்று மூன்றே அளவில் சொன்னால் சண்டைகூடத் தடையில்லாமல் நடக்கும்.

மழைச் சத்தம் வேறு பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே சீசன் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கத்திப் பேசி டிஎம் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கொரு சீட்டைக் கொடுங்கள். தன் கேரக்டர் அடுத்து என்ன செய்கிறது என்று எழுதி டம்ளரில் போடட்டும். டிஎம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, பகடை வேண்டுமா என்று சைகையில் கேட்டு முடிக்கலாம். பக்கத்து ஆள் என்ன எழுதினார் என்று தெரியாமல் எல்லோரும் தவிப்பதில் ஒரு தனி விறுவிறுப்பு இருக்கிறது. மழை விட்ட பிறகும் சில குழுக்கள் சீட்டிலேயே தொடர விரும்பும்.

ஆறாம் படி: தூரத்தில் இருப்பவர்

எங்கள் பக்கத்துக் குழுவில் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அமீரகத்தில் 2022 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். ஞாயிறு மூன்று மணி நமக்கு என்றால் அவர்களுக்கு ஒன்றரை. சவூதியில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். எனவே சவூதியில் இருப்பவரைச் சேர்ப்பதாக இருந்தால் எப்போதாவது ஒரு வெள்ளி இரவு குட்டி செஷன் வையுங்கள்.

அமீரகத்திலிருந்து வாட்சப் கால் எடுபடாது. கூகுள் மீட் நல்லது. இலவசக் கணக்கில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டே இணைப்பு என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஆளுக்கொரு போனில் சேராதீர்கள். மேசை நடுவில் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். வீடியோவை அணைத்துவிட்டால் சிக்னல் தாங்கும். மேப் மாறும்போது ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். பகடையை அவரே அங்கே உருட்டி எண்ணைச் சொல்லட்டும். நம்பாமல் விளையாட முடியாது.

ஞாயிறு மாலை ரயிலில் ஊர் திரும்பும் மாணவர்கள் இன்னொரு வகை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதை 1904-ல் திறந்தது, 2018-ல் அகலப்பாதையாகி மறுபடி ஓடத் தொடங்கியது. குகைக்குள் வண்டி நுழைந்தால் போன் அறுந்துவிடும். அறுந்தால் என்ன செய்வது என்பதை அவர் கிளம்பும் முன்பே மூன்று வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும். ஒருவர் எழுதியது இப்படி இருந்தது:

“சண்டை வந்தா அக்கா பக்கத்துலயே நிப்பேன். பாதி உசுருக்குக் கீழ போனா ஓடிருவேன். எனக்காக யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்க வேண்டாம்.”

இந்த மூன்று வரியை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டலாம். அடுத்த ஸ்டேஷனில் சிக்னல் வந்ததும் அவர் முதலில் கேட்கப்போவது “ஓடினேனா, நின்னேனா?” என்பதாகத்தான் இருக்கும்.

ஏழாம் படி: இரண்டே பேர் வந்தால், டிஎம்மே வராவிட்டால்

இரண்டு பேர் மட்டும் வந்தால் முக்கியக் கதையைத் தொடாதீர்கள். வந்த இரண்டு பேரின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்து ஆடுங்கள். சண்டை இருந்தால் பிராணிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாலு பேருக்கு நாலு கோப்ளின் என்று எழுதி வைத்திருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. எஸ்ஆர்டி 5.1-ல் கோப்ளினின் கத்தி வீச்சு பட்டால் போகும் ஹெச்பி 1டி6+2, அதாவது ஒரு டி6 உருட்டி 2 கூட்ட வேண்டும். முதல் நிலை விசார்டுக்கு (மந்திரவாதி) மொத்த ஹெச்பியே 6-ம் அவருடைய கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) திறனுக்குரிய கூட்டல் எண்ணும்தான். இரண்டு வீச்சு விழுந்தால் ஆள் காலி. கோப்ளினின் ஹெச்பியைக் குறைப்பதால் பெரிய பயனில்லை. ஒரு சுற்றில் எத்தனை வீச்சு வருகிறது என்பதைத்தான் குறைக்க வேண்டும்.

டிஎம் வராத நாளுக்கென்று ஒரு ஒன்-ஷாட்டை உறையில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே உட்காரலில் முடிகிற கதை, தயாராக எழுதிய நாலு கேரக்டர், ஒரு பக்கக் குறிப்பு. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்து நடத்தலாம். டிஎம் ஒருவர் தலையில் மட்டுமே ஆட்டம் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் குழுவுக்கே காய்ச்சல். வருடத்தில் ஓரிரு முறை வேண்டுமென்றே இன்னொருவரை நடத்தச் சொல்லுங்கள். புதிதாக வந்தவர் நடத்தும்போது விதி தப்பினால் யாரும் திருத்த வேண்டாம். செஷன் முடிந்து டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

எட்டாம் படி: எதற்காக நிறுத்த வேண்டும்

ரெட் அலர்ட் இருந்தால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. இதில் பேச்சே இல்லை. மழையில், இரவில், புளியரை எஸ் வளைவில் சரக்கு லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்து ஆட வேண்டிய அளவுக்கு எந்தக் கதையும் அவசரமில்லை. அன்றைக்கு வாட்சப் குரூப்பில் ஆடுங்கள். டிஎம் சூழலைக் குரல் பதிவாகப் போடட்டும், மற்றவர்கள் முடிந்தபோது பதில் போடட்டும். ஒரு கதவைத் திறப்பதற்கு மூன்று நாள் ஆகலாம், பரவாயில்லை. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், கைக்குழந்தை உள்ளவர், வீட்டில் உடம்பு சரியில்லாதவரைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோரை “எப்ப வருவ?” என்று நச்சரிக்காதீர்கள். அவர்களுடைய கேரக்டருக்குச் சத்திரத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுங்கள். மற்றவர்கள் சத்திரத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அந்த கேரக்டர் ஒரு தகவல் சொல்லட்டும். அதை அவருக்கும் அனுப்பிவையுங்கள்.

இடைவெளிக்குப் பிறகு

ஒவ்வொரு செஷன் முடிந்த மறுநாளும், ஆடியவர்களில் ஒருவர் முறை வைத்து, நடந்ததை இரண்டு நிமிடக் குரல் பதிவாகத் தன் கேரக்டரின் பார்வையில் சொல்லி குரூப்பில் போடட்டும். வராதவருக்குக் கதை தெரிந்துவிடும், டிஎம்முக்கும் எது மனதில் நின்றது என்று புரியும்.

சீசனோ ஐயப்பன் கோயில் கூட்டமோ முடிந்து நீண்ட இடைவெளிக்குப் பின் கூடும்போது முதல் இருபது நிமிடத்துக்குப் பகடையைத் தொடாதீர்கள். கடைசி மூன்று குரல் பதிவுகளை வரிசையாக ஒலிக்க விடுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “இத்தனை நாளும் சத்திரத்துல உங்க ஆளு என்ன செஞ்சுட்டு இருந்தாரு?” பதில் சொல்லும்போதே அந்தக் குரல், அந்த ஆளின் சிடுசிடுப்பு, கடன் பாக்கி எல்லாம் திரும்ப வந்துவிடும். லெவல், மந்திரம் மறந்துபோனவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷீட்டைச் சரிபார்த்துக் கொடுங்கள். முதல் சண்டை சிறியதாக, பத்து நிமிடத்தில் முடிவதாக இருக்கட்டும். கிளம்பும் முன் அடுத்த தேதியைச் சொல்லி, எல்லோரும் போனில் குறித்துக்கொண்டார்களா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.